மழையில் ஒன்பது மணி நேரம்

1

இந்தக் கதை எழுத எனக்கு ஆசையே இல்லை. கேட்டு வாங்கினார்கள். எங்கள் ஊர் உரிம அலுவலகம், புதிதாகக் கார் ஓட்டும் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்காக ஒரு கையேடு போடுகிறது. நாற்பது பக்கம். முழுக்க அறிவுரையாக இருந்தால் யாரும் புரட்டமாட்டார்கள் என்று நடுவில் ஒரு கதை வைக்கப் போகிறார்களாம். அலுவலகக் குமாஸ்தா போன் பண்ணினார்.

"மேடம், நீங்க கதை எழுதறவங்க. அதோட பொண்ணுக்கு நீங்களே ஓட்டக் கத்துக்கொடுத்தவங்க. உங்களை விட்டா யாரு இருக்கா?"

நானும் இளித்துக்கொண்டே சரி என்றேன். அது நடந்து மூன்று வாரம் ஆகிறது. இன்று நிலைமை வேறு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன்.

எங்கள் ஊரில் லைசென்ஸ் வாங்குவதற்கு முன்னால், பிள்ளை அறுபது மணி நேரம் அம்மாவையோ அப்பாவையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டியிருக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஓட்டியதையும் பயிற்சிப் பதிவேட்டில் எழுத வேண்டும்: தேதி, நேரம், எந்தச் சாலை, வெயிலா மழையா, பிள்ளை என்ன கற்றுக்கொண்டது. ஒவ்வொரு வரிசைக்கும் பெற்றவர் ஒரு கையெழுத்து, பிள்ளை ஒரு கையெழுத்து. என் மகளின் பதிவேட்டில் அறுபது மணி நேரம் இருக்கிறது. நாங்கள் ஓட்டியது பதினொன்று. மீதி நாற்பத்தொன்பதை நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன்.

பத்து நாளைக்கு முன்னால் அவள் மழையில் ஓட்டிப்போய் ஒரு பஸ் நிறுத்தத்தில் மோதினாள். அவளுடைய சிநேகிதி ஒருத்தி தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை. பதிவேடு மேசைமேல் இருக்கும். நான் வாயைத் திறக்க வேண்டும், அல்லது திறக்காமல் இருக்க வேண்டும்.

கதை இவ்வளவுதான். இதற்குமேல் படிப்பது உங்கள் இஷ்டம்.

2

முதல் தொடக்கம்: "சாரல் விழும் சாயங்காலத்தில் ஒரு வெள்ளைக் கார் மெல்ல—"

சீ. கார் சாம்பல் நிறம். மெல்லவும் போகவில்லை.

இரண்டாவது: "ஒரு அம்மா இருந்தாள். பாவம், அவளுக்கு நேரமே கிடைப்பதில்லை."

இது பச்சைப் பொய். நேரம் இருந்தது. டீவி பார்த்தேன், தங்கையோடு மணிக்கணக்காகப் போனில் பேசினேன், தூங்கினேன். 'பாவம்' என்ற வார்த்தையை என் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறவர்களைக் கண்டாலே இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

மூன்றாவது: "அன்பான பெற்றோரே," என்று கையேட்டின் பாணியிலேயே. அன்பாம் அன்பு! எனக்கு உங்கள்மேல் அன்பு கிடையாது. உங்களில் பாதிப் பேர் என்னைப் போலவே எழுதியிருக்கிறீர்கள். கோபம்தான் இருக்கிறது. கோபத்திலேயே தொடங்குகிறேன்.

3

கதாபாத்திரம் ஒன்று: அம்மா. நாற்பத்தாறு வயது. வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவள். இவளை நான் நம்பவில்லை. நீங்களும் நம்ப வேண்டாம்.

கதாபாத்திரம் இரண்டு: மகள். பதினெட்டு. வீட்டில் சுண்டு. அந்தப் பெயரைச் சிநேகிதிகள் முன்னால் சொன்னால் ஒரு வாரம் பேசமாட்டாள். அதனால் அச்சில் ஏற்றுவதற்கு அவளிடம் அனுமதி கேட்டேன். "எல்லாத்தையும் எழுதப்போற, அது மட்டும் எதுக்கு பாக்கி?" என்றாள்.

காட்சி: ஞாயிற்றுக்கிழமை மதியம். பதிவேட்டை ஒப்படைக்க மறுநாள் கடைசி நாள். மேசையில் மூன்று பேனா: நீலம், கறுப்பு, இங்க் தீரப்போகிற இன்னொரு நீலம். ஒரே பேனாவில் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள் அல்லவா? என் புத்தி எவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது பாருங்கள். இதில் கால்வாசி காரில் வேலை செய்திருந்தால் போதும்.

"அம்மா, இதெல்லாம் நாம ஓட்டவே இல்லையே."

"ஓட்டுவோம். லைசென்ஸ் வந்ததும் தினமும் ஓட்டுவோம்."

"அப்போ இப்ப நான் ஏன் கையெழுத்து போடணும்?"

"ஏண்டி, வக்கீல் மாதிரி கேள்வி கேக்காத. போடு. நாளைக்குக் கடைசி நாள்."

என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க வந்தவர் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் இப்படித்தான் எழுதறாங்க, விடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த 'எல்லாரும்' என்பவர்கள் யார், எங்கே குடியிருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் வீட்டில் நடக்கிற எல்லாக் காரியத்துக்கும் அவர்கள்தான் ஜாமீன்.

மற்றவர்கள் பொய் எழுதினால் "டவுன் ரோடு, 1 மணி, பரவாயில்லை" என்று எழுதிவிட்டுப் போவார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. தொழில் கர்வம். நான் எழுதியதில் ஒன்றைத் தருகிறேன்:

"மாலை 5.10 – 6.00. பள்ளிக்கூடச் சாலை. நல்ல மழை. முன்னால் சைக்கிளில் போனவர் ஒரு கையில் குடை பிடித்திருந்ததால் தடுமாறினார். பிள்ளை ஹார்ன் அடிக்காமல் வேகத்தைக் குறைத்து, இடம் விட்டுப் போனாள். வைப்பர் வேகத்தைக் கூட்ட மறந்தாள், நினைவூட்டினேன்."

சைக்கிள்காரரும் இல்லை, குடையும் இல்லை. எல்லாம் சரியாகச் செய்தாள் என்று எழுதினால் சந்தேகம் வருமே என்று அங்கங்கே சின்னத் தப்புகளையும் நானே வைத்தேன். சுண்டு அதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "வைப்பரை மறந்துட்டேனா? அடிப்பாவி! நான் மறக்கமாட்டேம்மா, மாத்து." மாற்றவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

மழை என்று மட்டும் பதினோரு பதிவு எழுதினேன். கூட்டினால் ஒன்பது மணி நேரம்.*

* உண்மையான பதினொரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். காலியான கடை வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கப் பழகினோம். பள்ளிக்கூடச் சாலையில் நான்கைந்து முறை போனோம். நான் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் வலித்ததுதான் மிச்சம். "ஐயோ, ஐயோ" என்று கத்தினேன். அவள் ஒரு தடவை வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதாள். அதோடு நின்றது. நேரமில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். அவள் பக்கத்தில் உட்கார எனக்குப் பயம். அதுதான் விஷயம். ஒரு மழைத்துளிகூட அந்தப் பதினொரு மணி நேரத்தில் விழவில்லை.

4

[இந்த இடத்தில் குமாஸ்தாவை வில்லனாக்கலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டியவர் அவர். பழியைத் தூக்கி அவர் தலையில் போட்டால் கதை சுலபமாக நகரும். ஆனால் மனுஷன் செய்ததெல்லாம் படித்ததுதான். வரி விடாமல் படித்தார். என் எழுத்தை அப்படி யாரும் படித்ததில்லை.]

"மேடம், இவ்வளவு நல்லா யாருமே எழுதினதில்ல," என்றார். உள்ளே போய் இன்னும் இரண்டு பேரை அழைத்துவந்தார். அவர்களும் படித்தார்கள். அந்த மழைப் பக்கத்தைப் பிரதி எடுத்து, பெயரை மட்டும் மறைத்து, "பெற்றோர்களே, இப்படி எழுதுங்கள்" என்று தலைப்புப் போட்டு, வரிசையில் நிற்கிறவர்கள் கண்ணில் படும்படி சுவரில் ஒட்டினார்கள்.

பெயரை மறைத்து என்ன பிரயோஜனம்? அது என்னுடையது என்று தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் எல்லோரிடமும் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

5

கையேட்டுக்கு அறிவுரை வேண்டுமாமே. இந்தாருங்கள், கதைக்கு நடுவில் திணிக்கிறேன், யார் கேட்பது?

பக்கத்தில் உட்காருங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு உட்காருங்கள். கத்தாதீர்கள். வெயிலில் மட்டும் கூட்டிக்கொண்டு போகாமல் மழையிலும் போங்கள், இருட்டிலும் போங்கள், லாரி ஓடும் சாலையிலும் போங்கள். முதல் சில மாதம் சிநேகிதக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போக விடாதீர்கள். மூன்று பேர் பேசிச் சிரிக்கிற காரில் ஓட்டுகிற பிள்ளைக்குப் பாதி கவனம் பின்சீட்டில்தான் இருக்கும். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடாவிட்டால் வண்டியை எடுக்காதே என்று சொல்லுங்கள். பிள்ளை ஓட்டிக்கொண்டிருக்கும்போது "எங்க வந்துட்டிருக்க?" என்று போன் பண்ணித் தொலைக்காதீர்கள். மழை அதிகமானால் ஒதுங்கி நில், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, யாரும் திட்டமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொன்ன மாதிரி திட்டாமலும் இருங்கள்.

இதையெல்லாம் விபத்துக்குப் பிறகு கற்றுக்கொண்டேன் என்று நினைக்கிறீர்களா? எனக்கு அப்போதே தெரியும். கையேட்டின் பழைய பதிப்பு எங்கள் வீட்டில் இருந்தது. மேசை ஆடுகிறதென்று அதைத்தான் மேசைக் காலுக்கு அடியில் வைத்துப் பதிவேட்டை எழுதினேன்.

6

விபத்து நடந்த நாள். சாயங்காலம் ஐந்து மணி. சுண்டுவுக்கு லைசென்ஸ் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வகுப்பு முடிந்து இரண்டு சிநேகிதிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். நான் தொடர்கதையின் பதினான்காவது அத்தியாயத்தில் இருந்தேன். போன் அடித்தது.

இங்கே மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்று. "அங்கேயே நில்லு சுண்டு, நான் பஸ் பிடிச்சு வர்றேன்" என்கிறேன். போகிறேன். நான்கு பேரும் கண்ணாடியில் மழை வழிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கையேட்டுக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். கிழித்துவிட்டேன்.

இரண்டு. போன் படுக்கையறையில் சார்ஜில் கிடக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. அடித்து ஓய்கிறது. இதை எழுதினால் நீங்கள் எனக்காக உச்சுக் கொட்டுவீர்கள். அதனாலேயே இதையும் கிழித்தேன்.

மூன்று. நான் போனை எடுத்தே—

எடுத்தேன். எடுத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தேன்.

"அம்மா, செம்ம மழை. முன்னாடி ஒண்ணுமே தெரியல. பெட்ரோல் பங்க்ல ஒதுங்கி நிக்கறேன். மழை விடற வரைக்கும் இங்கயே இருக்கவா? இதுங்க ரெண்டும் லேட்டாகுதுன்னு கத்துதுங்க."

கவனியுங்கள். அவள் ஒதுங்கி நின்றுவிட்டாள். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போன் பண்ணினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் எல்லாவற்றையும் சரியாகச் செய்திருந்தாள். என்னிடம் கேட்டதைத் தவிர.

நான் சொன்னது, ஒரு எழுத்து மாறாமல்:

"அட போடி, நீ மழையில ஒன்பது மணி நேரம் ஓட்டினவ. இதுக்கெல்லாமா பயப்படுவ? மெதுவா வா, வந்துடுவ."

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "சரிம்மா," என்றாள்.

அவளை ஏமாற்ற நான் அதைச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் நான் அதை நம்பினேன். அந்தச் சைக்கிள்காரரை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. குடை கறுப்பு, ஒரு கம்பி வளைந்திருந்தது. நானே எழுதி, நானே திருத்தி, சுவரில் ஒட்டியதைப் பார்த்துப் பூரித்து, பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மழையைப் பார்த்ததாகவே ஆகிவிட்டது. 'என் பொண்ணு பழகினவ' என்று மனசார நினைத்துக்கொண்டு போனை வைத்தேன். பதினான்காவது அத்தியாயத்தில் விட்ட வரியைப் பிடித்தேன்.

ஆறு நிமிடம் கழித்து அவள் பஸ் நிறுத்தத்துக் கம்பத்தில் மோதினாள். திருப்பத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. பயந்துபோய் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தாள். தண்ணீரில் அப்படி மிதிக்கக்கூடாது என்று யார் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

7

சுண்டுவுக்கு நெற்றியில் நான்கு தையல். முன்சீட்டில் இருந்தவளுக்குச் சிராய்ப்பு. பின்சீட்டில் இருந்தவள் பெல்ட் போடவில்லை. தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு மாதம் அந்தக் காலை ஊன்றக்கூடாது.

அவளுடைய அப்பா கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர். கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். சட்டைப்பையில் ஒரு சின்னத் திருப்புளிகூட இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அறையப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"நீங்க அழாதீங்கம்மா," என்றார். "தப்பு என் மேலதான். பெல்ட் போடுன்னு நான் சொல்லியே அனுப்பல. புதுசா ஓட்டறவங்க கூட போகாதேன்னுதான் அவகிட்ட சொல்லி வச்சிருந்தேன். உங்க பொண்ணுன்னதும் விட்டுட்டேன். ஆபீஸ் சுவர்ல பார்த்தேன்ல? மழையில எப்படிப் பழக்கியிருக்கீங்க! இந்தப் பொண்ணு கூடப் போனா பயமில்லைன்னு நானேதான் சொன்னேன்."

அவர் என்னைத் தேற்றினார். எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். எனக்கு அந்த மனுஷன்மேல் வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்? ஒரு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா?

உள்ளே, கட்டிலில் உட்கார்ந்திருந்த சுண்டுவிடம் போலீஸ்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மழையில ஓட்டிப் பழக்கம் இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"எவ்வளவு?"

"ஒன்பது மணி நேரம்."

என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

8

பதிவேடு உண்மை என்றால் என் மகள் நன்றாகப் பழகியும் கவனக்குறைவாக ஓட்டியவள். பழி முழுக்க அவள் தலையில். பதிவேடு பொய் என்றால் நான் பொய் எழுதியவள், அவள் பொய்க்குக் கையெழுத்துப் போட்டவள். என்மேல் வழக்கு வரும். அவளுக்கு இரண்டு வருஷத்துக்கு லைசென்ஸ் கிடையாது. பழகாமலே மழையில் வண்டியை எடுத்தாள் என்றும் ஆகும். எந்தப் பக்கம் போனாலும் அவளுக்கு அடி விழாமல் இல்லை. இப்படி ஒரு சிக்கலை என் தொடர்கதையில்கூட நான் போட்டதில்லை.

நேற்றுக் காலை வீட்டுக்காரரிடம் சொன்னேன், நான் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று.

"உனக்கென்ன பைத்தியமா? ரெண்டு வருஷம் லைசென்ஸ் போயிடும் அவளுக்கு."

"போகட்டும். நடந்து போகட்டும். அந்தப் பொண்ணால நடக்கக்கூட முடியல."

அவர் கெட்டவர் கிடையாது, மகள்மேல் உயிர். பிறகு ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக ஒன்று சொன்னார்.

"மனசு உறுத்துதுன்னா அந்தக் கையேட்டுக்குக் கதையா எழுதிக் கொடுத்துடு. எல்லாத்தையும் எழுது. கதைதானே, யாரும் உன்னைக் கேக்கமாட்டாங்க. சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து நாளாக நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். மேலே இருக்கிற ஏழு பகுதிகளும் அதுதான். எண் போட்டு, அடைப்புக்குறி போட்டு, கிழித்தேன் கிழித்தேன் என்று பம்மாத்துப் பண்ணி, படிக்கிறவர்கள் "எவ்வளவு நேர்மையா எழுதியிருக்கா!" என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வரியையும் செதுக்கியிருக்கிறேன். வளைந்த குடைக்கம்பி வரைக்கும். அன்றைக்கு மேசையில் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அன்று மூன்று பேனா, இன்று ஒரே பேனா, அவ்வளவுதான் வித்தியாசம்.

9

இன்று மதியம் இந்தத் தாள்களைச் சுண்டுவிடம் கொடுத்தேன். நெற்றிக் கட்டோடு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து முழுவதையும் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாவது பகுதியில் நிறுத்தினாள்.

"போன்ல நீ அப்படிச் சொன்னப்ப எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சும்மா."

"ஏன் சிரிக்கல?"

"நாம ஓட்டவே இல்லையேன்னு சொல்ல வாயெடுத்தேன். ஆனா நீ அவ்வளவு உறுதியா சொன்னியா, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஒருவேளை நிஜமாவே ஓட்டியிருக்கோமோ, நான்தான் மறந்துட்டேனோன்னு. நீ சொன்னா சரியாத்தானே இருக்கும்."

அவள் கையைப் பிடித்தேன், அவள் பிடிக்க விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "கையெழுத்து நானும் போட்டேன்னு நானே சொல்லிக்கறேன். அதை நீ சொல்லாத," என்றாள்.

விசாரணைக்கு முன்னால் நிரப்பித் தர வேண்டிய படிவம் மேசையில் இருக்கிறது. "விளக்கம்" என்று போட்டு அதற்குக் கீழே மூன்றே மூன்று கோடு. மூன்று கோட்டில் எழுத எனக்குப் பழக்கமில்லை. ஒரு மணி நேரம் ஆனது.

"பதிவேட்டில் உள்ள அறுபது மணி நேரத்தில் பதினொன்றுதான் ஓட்டினோம். மழையில் ஒரு நிமிடமும் ஓட்டவில்லை. மற்றவற்றை நான் எழுதினேன். விபத்தன்று நின்றிருந்தவளை ஓட்டி வரச் சொன்னதும் நான்."

படிவம் எழுதியாகிவிட்டது. இனி நாளை பத்து மணி. போனேனா, அதைக் கொடுத்தேனா, அந்த அப்பாவின் முன்னால் என் வாயால் சொன்னேனா, அல்லது கடைசி நிமிடத்தில் கைப்பைக்குள் மடித்து வைத்துவிட்டு வந்தேனா என்று நீங்கள் கேட்பீர்கள். இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதுவது எனக்குப் பெரிய காரியமே இல்லை. நன்றாகவும் எழுதுவேன்.

எழுதமாட்டேன். எழுதினால் நம்பிவிடுவீர்கள். நான் எழுதியதை ஒருத்தர் நம்பித்தான் அவர் மகள் பின்சீட்டில் ஏறினாள்.

இதை நீங்கள் படிக்கும்போது விசாரணை முடிந்திருக்கும். என்ன நடந்தது என்று அந்தப் பெண்ணின் அப்பாவிடம் போய்க் கேளுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.